ஒரு மணி நேரத்துக்கு ஒரு மாமா

1

நீ அங்கே என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால் எனக்கு முந்திக்கொண்டு அம்மா பதில் சொல்லிவிடுவாள். "காலேஜ்ல பஞ்சாயத்து பண்ற வேல." அதற்குமேல் விளக்கிச் சொல்ல நான் முயன்ற காலம் உண்டு. இப்போது விட்டுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அம்மா சொல்வதில் பெரிய தவறும் இல்லை.

இங்கிலாந்தின் வடக்கே, வெயில் அடித்தால் அதைப் பற்றியே நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு நகரத்தில் இருக்கிறேன். இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் மாற்றுத்திறனாளி மாணவர்களின் புகார்களை விசாரிக்கும் அலுவலகத்தில் வேலை. பார்வையில்லாத மாணவருக்குப் பாடக் குறிப்பு முன்கூட்டியே வரவில்லை, சக்கர நாற்காலியில் வரும் பெண்ணுக்கு லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் வகுப்பு போட்டுவிட்டார்கள், மெதுவாக எழுதும் பையனுக்குத் தேர்வில் தரவேண்டிய கூடுதல் நேரத்தைத் தரவில்லை. இப்படி வரும். இரண்டு தரப்பையும் கேட்டு, விதியைப் பார்த்து, யார் என்ன செய்யவேண்டும் என்று எழுதவேண்டும்.

இந்த வேலைக்கு வந்ததில் எனக்குப் பெருமை உண்டு. அதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. புவனகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். குத்தகை நிலத்தில் நெல்லும் உளுந்தும். அப்பா, அம்மா, அவர்களைப் பெற்றவர்கள் என்று எவரும் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதில்லை. எங்கள் வீட்டிலிருந்து முதலில் சிலேட்டு தூக்கிக்கொண்டு போனவள் நான். எனக்குப் பின்னால் என் தங்கை நிவேதா.

2

படிக்க வந்து, பிறகு வேலையும் கிடைத்து, போன செப்டம்பரோடு ஐந்து வருடம் ஆனது. அலுவலகத்தில் கேக் வாங்கி வைத்திருந்தார்கள். என் பெயரை இன்னும் பாதிப்பேர் சரியாக உச்சரிப்பதில்லை. நானும் திருத்துவதை நிறுத்திவிட்டேன். கேக்கில் எழுத்து சரியாக இருந்தது, அது போதும்.

அன்று மதியம் ஒரு புகாரை முடித்து அனுப்பினேன். காது மந்தமான ஒரு மாணவி கொடுத்தது. விரிவுரையாளர் சட்டையில் சின்ன மைக் ஒன்றைக் குத்திக்கொண்டு பேசினால் அவளுடைய காதுக்கருவியில் நேராகக் கேட்கும். அவ்வளவுதான் அவள் கேட்டது. அவர் முதல் வாரம் மறந்தார். அடுத்த வாரம் மைக்கைக் காணவில்லை. அதற்கடுத்து, சார்ஜ் இல்லை. அவள் புகார் கொடுத்தாள். முதலில் துறைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். தீரவில்லை. மேலே அனுப்பினார்கள். மேலே இருந்தவர் விடுமுறையில் போனார். எல்லாரும் தங்கள் கடிதத்தை "உங்கள் அனுபவத்தை அறிந்து வருந்துகிறோம்" என்றுதான் தொடங்கினார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அதற்கு ஒரு அச்சு இருக்கிறது. கடைசியில் அவள் பக்கம்தான் நியாயம் என்று தீர்மானம் எழுதினேன். அதற்குள் அந்தப் பாடம் முடிந்து, தேர்வு முடிந்து, கோடை விடுமுறையும் கழிந்துவிட்டிருந்தது.

அவளிடமிருந்து ஒரு வரிப் பதில் வந்தது. "நன்றி. எனக்கு வேண்டியிருந்தது பாடம்."

அதைப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் நிவி கூப்பிட்டாள். ஊரில் அப்போது விளக்கு வைக்கும் நேரம்.

"அக்கா, இன்டர்னல்ல பேப்பர புடுங்கிட்டாங்க. பாதிகூட எழுதல."

3

நிவேதாவுக்குப் பிறவியிலேயே விழித்திரையில் கோளாறு. கண்ணாடி போட்டாலும் சரியாகாது. காகிதத்தை மூக்கு தொடும் தூரத்தில் பிடித்தால் படித்துவிடுவாள். சிதம்பரத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், மூன்றாம் வருடம். அவள் கணக்கு எடுத்தபோது எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். கண்ணு தெரியாத பொண்ணுக்குக் கணக்கு எதுக்கு, தமிழ் எடுக்கலாமே என்றார்கள். "தமிழ்னா பக்கம் பக்கமா படிக்கணும். கணக்குன்னா ஒரு பக்கத்துல விஷயம் முடிஞ்சிடும்" என்றாள் அவள்.

அவளுக்கு வேண்டியது இரண்டே. கேள்வித்தாளைப் பெரிய எழுத்தில் நகலெடுத்துக் கொடுக்கவேண்டும். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வேண்டும். இரண்டும் சட்டப்படி அவளுக்கு உள்ளவை. சொல்லச் சொல்ல எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றும் சட்டம் இருக்கிறது. அவள் வேண்டாம் என்கிறாள். கை போகிற போக்கில்தான் கணக்கு வரும், வாயால் சொன்னால் வராது என்கிறாள்.

கல்லூரி இதுவரை அவளுக்குச் செய்த உதவி வேறு. இரண்டு வருடமாக இன்டர்னலில் எல்லாப் பாடத்துக்கும் ஒரே மதிப்பெண், சரியாகத் தேறும் அளவுக்கு. நல்ல மனதோடுதான் போட்டார்கள். "பாவம், நீ எதுக்குமா கஷ்டப்படற, நாங்க பாத்துக்கறோம்" என்றார்களாம். எனக்கு இதைச் சொல்லும்போது நிவி அழவில்லை, எரிச்சலாக இருந்தாள். "நான் போட்டது சரியா தப்பான்னே எனக்குத் தெரியலக்கா. பேப்பரத் திருத்தவே இல்ல." இந்த வருட மதிப்பெண்ணை வைத்துத்தான் எம்.எஸ்சி.க்கு இடம். பாவப்பட்டுப் போட்ட மதிப்பெண்ணுக்கு எங்கும் இடம் கிடைக்காது.

சரி, ஒரு மணி நேரம் கொடுப்பதில் என்ன சங்கடம் என்று கேட்டேன். அவள் சொன்ன பதில்தான் இந்தக் கதையின் வேர். கல்லூரிப் பேருந்து. தேர்வு முடிந்த கையோடு புவனகிரி வண்டியும் குமராட்சி வண்டியும் கிளம்பிவிடும். அதில் மாணவர்கள் மட்டும் போவதில்லை, ஆசிரியர்களும் அதில்தான் போகிறார்கள். நிவிக்காக ஒருவர் ஒரு மணி நேரம் அறையில் உட்கார்ந்தால் அவருக்கு வண்டி போய்விடும். வீட்டில் குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வந்து காத்திருக்கும். கூடுதல் சம்பளம் கிடையாது. அவர்களையும் திட்ட முடியவில்லை. எந்தச் சட்டத்தை எழுதியவருக்கும் கல்லூரிப் பேருந்து கிளம்பும் நேரம் தெரிந்திருக்காது.

நிவிக்கு ஒரு தோழி உண்டு, ஜெசிந்தா. கடலூர் முதுநகர்ப் பெண், ஓ.டி. என்றும் சொல்வார்கள். தினமும் ரயிலில் வருகிறாள். அவளுக்கு வலது கை பிறந்ததிலிருந்து நடுங்கும். எழுத்து நன்றாக இருக்கும், ஆனால் ஒவ்வோர் எழுத்தையும் பிடித்து நிறுத்தித்தான் எழுதவேண்டும். அவளுக்கும் அதே ஒரு மணி நேரம் உண்டு. அவளுக்கும் தரவில்லை.

4

நான் மின்னஞ்சல் எழுதினேன். நிவியின் பெயரில், அவளுடைய முகவரியிலிருந்து, நான் எழுதினேன். இங்கே தினமும் செய்வது அதுதானே. சட்டத்தின் எந்தப் பிரிவு, கல்லூரி எதைச் செய்யத் தவறியது, எந்த நாளுக்குள் பதில் வேண்டும் என்று ஒழுங்காக எழுதி, முதல்வருக்கு அனுப்பி, துறைத்தலைவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்ட அலுவலகத்துக்கும் நகல் போட்டேன். இங்கே நகல் போடுவது மரியாதை. உங்களுக்குத் தெரியாமல் எதையும் செய்யவில்லை என்று அர்த்தம்.

ஜெசிந்தாவையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். அவள் சரி என்றாள். அவளுடைய அப்பா வேண்டாம் என்றார். துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி வேலை அவருக்கு. வாத்தியாருங்கமேல பிராது குடுத்தா பொண்ண எவன் மதிப்பான் என்றாராம்.

மறுநாள் கணிதத் துறைத்தலைவி வகுப்புக்கு வந்து நிவியை எழுந்திருக்கச் சொன்னார். "உங்க அக்கா லண்டன்லேருந்து எங்களுக்குக் கிளாஸ் எடுக்கறாங்களாமே" என்றார். வகுப்பு சிரித்தது. நான் இருப்பது லண்டன் இல்லை என்று நிவி திருத்தவில்லை. அப்புறம் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். யாரும் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. சந்தேகம் கேட்டால், "உங்க அக்காவக் கேட்டுச் சொல்றேம்மா" என்றார்கள்.

"ஏன்க்கா, நேர்ல போய் ஒரு வார்த்த கேக்காம ஊருக்கெல்லாம் போட்ட?" என்று நிவி கேட்டாள்.

"நீதான் நேர்ல ரெண்டு வருஷமா கேட்டியே."

"நான் கேட்டேன். நம்ம வீட்ல யாராவது வந்து கேட்டாங்களா?"

எனக்கு அப்போது புரியவில்லை. விதி இருக்கும்போது வீட்டிலிருந்து ஆள் எதற்கு?

5

நவம்பர் கடைசியில் விடுப்பெடுத்து ஊருக்குப் போனேன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சிதம்பரத்திலிருந்து மினி பஸ்ஸில் இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொன்னேன். இங்கிலாந்தில் எல்லாரும் சொல்லுவார்கள், பழகிவிட்டது. என்னை அழைத்துப்போக வந்திருந்த மாமா பார்த்துவிட்டார். "ஏன்டி, டிக்கெட்டுக்குக் காசு குடுத்துட்டு எதுக்கு அவனுக்கு தேங்க்ஸ் சொல்ற? அவன் வண்டிய நிறுத்தாம போயிருந்தா என்னா சொல்லியிருப்ப?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெயர் ராஜேந்திரன். புவனகிரியில் டிராக்டர், அறுப்பு மிஷின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். குழந்தை இல்லை. அதனால் எங்கள் இருவர்மேலும் அவருக்கும் அத்தைக்கும் உரிமை ஜாஸ்தி.

முதலில் நானும் நிவியும் மட்டும் கல்லூரிக்குப் போனோம். முதல்வர் எங்களை உட்கார வைத்து டீ வரவழைத்தார். பிள்ளைகள் எல்லாரும் எங்களுக்கு ஒன்று என்றார். ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்றார். ஊனச் சான்றிதழ் உள்ளவர்கள்தானே கேட்க முடியும் என்றேன். பல்கலைக்கழகத்திலிருந்து தனியாக உத்தரவு வரவேண்டும் என்றார். வந்திருக்கிறது, உங்கள் அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டியிருக்கிறது, வெளியில் பார்த்தேன் என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு நிவியைப் பார்த்துச் சிரித்தார். "ஒனக்கு என்னாம்மா கவல? ஒன்ன ஃபெயிலாக்கிடுவோமா நாங்க?"

இதே மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்துதான் நான் சம்பாதிக்கிறேன். என்னிடம் வருகிற மாணவர்கள் எப்படி உள்ளே கொதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. பரிவாகப் பேசுகிறவரிடம் கோபப்படவும் முடியாது. எழுத்துமூலமாகப் பதில் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தேன். தருகிறேன் என்றார். வரவில்லை. செமஸ்டர் தேர்வு அடுத்த வாரம்.

6

அப்பாதான் மாமாவிடம் சொன்னது. நான் வேண்டாம் என்றிருந்தேன். "மச்சான், நீ ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிடும்" என்று அவர் சொல்வது உள்ளே எனக்குக் கேட்டது.

விஷயம் இதுதான். கல்லூரித் தாளாளருக்கு இரண்டு அறுப்பு மிஷின்கள் இருக்கின்றன. பொங்கலுக்குப் பிறகு சம்பா அறுப்பு தொடங்கினால் கொள்ளிடக்கரை வரைக்கும் வாடகைக்கு ஓடும். இரண்டும் அப்போது மாமாவின் பட்டறையில் பிரித்துப்போட்டபடி கிடந்தன. அறுப்புக் காலத்தில் அவருக்கு முதல்வரைவிட மாமா முக்கியம்.

மாமா அவரிடம் எந்தச் சட்டமும் பேசவில்லை. பெல்ட்ட மாத்தணும் என்று சொல்லிவிட்டு, கடைசியில், எங்க அக்கா பொண்ணு உங்க காலேஜ்லதான் படிக்குது, அதுக்குப் பரீட்சையில ஏதோ சங்கடமாம் என்றாராம். அங்கேயே நின்று தாளாளர் முதல்வருக்குப் போன் போட்டார். "நம்ம மெக்கானிக் வூட்டுப் பொண்ணுய்யா. முன்னாடியே சொல்றதுக்கு என்னா?" என்றார். அன்று சாயங்காலமே நிவிக்குப் போன் வந்தது. பெரிய எழுத்தில் கேள்வித்தாள் உண்டு. ஒரு மணி நேரம் உண்டு. அறையில் இருக்கும் ஆசிரியரைத் தாளாளரின் கார் வீட்டில் கொண்டுபோய் விடும். எல்லாம் உண்டு. ஒன்றே ஒன்று, அந்தப் புகாரை மட்டும் வாபஸ் வாங்கி, எனக்குக் குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடவேண்டும்.

எழுதிக் கொடுக்காதே என்றேன். ஆத்திரத்தில் குரல் உயர்ந்துவிட்டது. குறை இல்லையென்று எழுதினால் மாவட்ட அலுவலகத்தில் அதை முடித்துவிடுவார்கள், அடுத்து வருகிறவளுக்கு ஒன்றும் இருக்காது, உனக்குக் கிடைத்தது உரிமை இல்லை, சலுகையும் இல்லை, மாமாவுடைய ஸ்பேனர் என்றேன். அத்தை, சோறு ஆறுது சண்டைய அப்புறம் போடுங்க என்றாள்.

நிவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பிளேன் ஏறிடுவக்கா. பரீட்ச முடிஞ்சும் அந்தக் கிளாஸ்ல போய் ஒக்காரப்போறது நான்."

 இங்கே என் மேசைக்கு வரும் புகார்களிலும் பலவற்றை மாணவர்களே திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். 'சுமுகமாக முடிந்தது' என்று குறிப்போம். நானும் எத்தனையோ முறை குறித்திருக்கிறேன். அப்படிக் குறித்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒருத்தி சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்ததில்லை.

மறுநாள் அவள் எழுதிக் கொடுத்தாள்.

7

முதல் தேர்வன்று நானும் போய்க் கல்லூரி வாசலுக்கு எதிரே டீக்கடையில் காத்திருந்தேன். மணி அடித்ததும் கூட்டம் வெளியே வந்தது. பேருந்துகள் சேற்றைத் தெறித்துக்கொண்டு கிளம்பிப் போயின. வாசல் ஓய்ந்தது. தாளாளரின் வெள்ளைக் கார் மட்டும் உள்ளே நின்றது. அந்த ஒரு மணி நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. கூடவே பற்றிக்கொண்டும் வந்தது. ஜெசிந்தா வெளியே வருவாள், அவளுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து இருவரும் சேர்ந்து வந்தார்கள். சிரித்துச் சிரித்து நிவிக்குப் புரையேறியது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மாறி மாறிச் சொன்னார்கள்.

மணி அடித்ததும் கண்காணிப்பு ஆசிரியர் எல்லார் தாளையும் வாங்கிக்கொண்டு வந்தார். நிவியைத் தாண்டிப்போனார். ஜெசிந்தாவிடம் கையை நீட்டினார். அவளுக்கு இன்னும் இரண்டு பெரிய கணக்கு பாக்கி. நிவி எழுந்து நின்றாள்.

"சார், அவளும் எழுதணும் சார்."

"எனக்கு ஒன் பேருதாம்மா சொல்லியிருக்காங்க. மெக்கானிக் வூட்டுப் பொண்ணுன்னு."

"அவளும் அந்த வூடுதான் சார். எங்க மாமா பொண்ணு."

ஆசிரியர் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார். நிவேதாவையும் பார்த்தார். "ஜெசிந்தா மேரி. கடலூர் ஓ.டி. உங்க மாமா பொண்ணா?"

"லவ் மேரேஜ் சார்."

அவர் ஹால் டிக்கெட்டை ஜெசிந்தாவிடமே திருப்பிக் கொடுத்தாராம். அப்புறம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?" என்றார்.

நானும் சிரித்தேன். டீக்காரர்கூடச் சிரித்தார். ஆனால் சிதம்பரம் ரயிலடியில் ஜெசிந்தாவை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, அந்த ஆசிரியர் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் கை நடுங்குவது அவருக்கு மூன்று வருடமாகத் தெரியும். சான்றிதழ் அலுவலகத்தில் இருக்கிறது. அதெல்லாம் சொன்னதாகக் கணக்கில் வரவில்லை. யார் வீட்டுப் பெண் என்பதைத்தான் அவர்களுக்குச் சொல்லவேண்டியிருந்தது.

8

ஊரில் ஒரு செய்தி பட்டறைக்கு வந்துசேர ரொம்ப நேரம் ஆகாது. தாளாளர் மிஷினைப் பார்க்க வந்தவர், மற்ற ஆட்கள் இருக்கும்போதே மாமாவின் தோளில் தட்டினாராம். "என்னாய்யா மெக்கானிக்கு, கடலூர்ல ஒரு குடும்பம் இருக்குதுன்னு சொல்லவே இல்லியே. பொண்ணு நம்ம காலேஜ்லயே படிக்குதாமே."

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நிவி அவரிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. அவள் மனதில் நினைத்தது இல்லாத ஒரு சின்ன மாமாவை. ஆனால் எங்களுக்கு இருப்பது ஒரே மாமா. தாளாளர் தேர்வு, ஜெசிந்தா, ஒரு மணி நேரம் என்று சொல்லிக்கொண்டே போனபோது மாமாவுக்கு மெல்ல விளங்கியது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவர், சொல்லவில்லை. சொன்னால் மிச்சப் பரீட்சைக்கு அந்தப் பெண்ணுக்கு நேரம் போய்விடும். தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க. அது ஒரு மாதிரி ஆயிடுச்சிங்க" என்றார்.

பட்டறையில் வேலை செய்பவர்கள் மூலம் அது அத்தையிடம் வந்தது. அன்று மாமா சாப்பிட வந்தபோது அத்தை சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"கடலூர்ல எந்தத் தெரு?"

நிவி ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை முழுசாகக் கேட்டாள். நம்பினாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. "மூணு பரீட்ச பாக்கி இருக்குதுல்ல? அதுவரைக்கும் இருந்துட்டுப் போவட்டும் அந்தக் குடும்பம்" என்றாள். மாமாவிடம் மட்டும் தனியாக, "அந்தப் பொண்ணுக்கு மூக்கு ஒன்ன மாதிரி இருக்குதாமே" என்று குத்தினாள். மாமா வெற்றிலை போடுகிறவர் இல்லை, அன்று போட்டார்.

இதையெல்லாம் இங்கே என்னோடு வேலை செய்யும் பெண்ணிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். உங்கள் ஊர் மனிதர்கள் எவ்வளவு அன்பானவர்கள் என்றாள். அன்பானவர்கள்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டம் ஏற்கெனவே கொடுத்துவிட்ட ஒரு மணி நேரத்தை ஒரு பெண் வாங்குவதற்கு, ஐம்பது வயது மனிதர் ஒருவர் தனக்கு இல்லாத இரண்டாம் சம்சாரத்தை ஊரறிய ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இங்கே அந்தக் காது மந்தமான மாணவிக்கு எல்லாம் முறையாக நடந்து, பாடம் கிடைக்கவில்லை. அங்கே ஒன்றுமே முறையாக நடக்காமல் பரீட்சை கிடைத்தது. எது மேல் என்று என்னிடம் கேட்காதீர்கள். இரண்டிலும் கேட்டவள்தான் களைத்துப்போகிறாள்.

9

நான் திரும்பி வந்துவிட்டேன். தேர்வுகள் முடிந்தன. தாளாளரின் மிஷின்கள் வயலுக்குப் போய்விட்டன. மாமாவின் கடலூர்க் குடும்பத்தைப் பற்றிப் பட்டறையில் இன்னும் கேலி பேசுகிறார்களாம், அவரும் பழகிவிட்டாராம்.

போன வாரம் நிவி கூப்பிட்டாள். முடிவு வந்துவிட்டது. அவள் எழுதிய தாள்களைத் திருத்தியிருக்கிறார்கள். ஒன்றில் மிக நல்ல மதிப்பெண், ஒன்றில் சுமார். அந்தச் சுமாரைச் சொல்லும்போதுதான் அவள் குரலில் கூடுதல் பெருமை இருந்தது. "அதுல எனக்கு நெசமாவே வரலக்கா. இப்பதான் தெரியுது" என்றாள்.

அப்புறம், கல்லூரியில் திரும்பவும் ஒரு மனு கொடுத்திருப்பதாகச் சொன்னாள். அவளும் ஜெசிந்தாவும், முதல் வருடத்தில் சேர்ந்திருக்கும் காது கேளாத ஒரு மாணவரும், மூன்று பேரும் சேர்ந்து. கல்லூரியில் இப்படிப்பட்ட எல்லாருக்கும் ஒரு மணி நேரம் வேண்டும், அதற்குத் தகுந்த மாதிரி ஒரு பேருந்தைத் தாமதமாக விடவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தமிழில், ஒரே பக்கம். முதல்வர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள், யாருக்கும் நகல் போடவில்லை. எனக்கு அனுப்பு, பார்த்துத் தருகிறேன் என்றேன். குடுத்தாச்சுக்கா என்றாள். முதல்வர் என்ன சொன்னார் என்று கேட்டேன். வாங்கி மேசைமேல வச்சாரு, ஒண்ணும் சொல்லல என்றாள்.

எனக்குப் பதற்றமாகிவிட்டது. முன்பு எழுதிக் கொடுத்த வாபஸ் அவர்கள் கையில் இருக்கிறது. மாமாவுக்குத் தெரிந்தால் கோபிப்பார், தாளாளர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், கிடைத்ததும் போய்விடும். இன்னும் ஒரு செமஸ்டர்தானே, ஜெசிந்தாவும் மாமா பொண்ணாகவே எழுதிவிட்டுப் போகலாமே என்று நானே சொன்னேன். ஆமாம், இந்த வேலை பார்க்கிற நானே சொன்னேன்.

நிவி போனைப் பக்கத்தில் இருந்த ஜெசிந்தாவிடம் கொடுத்தாள். பின்னால் ரயில் வரும் அறிவிப்பு கேட்டது. அவள் அது முடியும்வரை பொறுத்திருந்து பேசினாள்.

"மாமா நல்லவருக்கா. அவருக்கு நான் கடன்பட்டிருக்கேன். ஆனா எனக்கு அப்பா இருக்காரு. முதுநகர்ல ஐஸ் கம்பெனில வேல பாக்கறாரு. இந்தத் தடவ மனுவுல அவரும் கையெழுத்துப் போட்டிருக்காரு. அவரு பொண்ணாவே ஒக்காந்து எழுதறேன்க்கா."